வெறும் போசியைத் திருப்பித் தர மாட்டார்கள்

அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பாத்திரம் நிறைந்து திரும்பி வந்தால் சந்தோஷப்பட வேண்டுமா, கவலைப்பட வேண்டுமா?

ஒரு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. கணவரிடம் கேட்டேன். "ரெண்டும் பட்டுக்கோ" என்றார். சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், யாரோ ஒருவருக்கு நடந்தது போலக் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். எல்லாம் எனக்கும் மனப்பாடமானவைதான். எதிலும் சர்க்கரை வரவில்லை.

என் கேள்வி சர்க்கரையில்தான் ஆரம்பித்தது.

பழத்தாருக்குப் பின்னால்

போன டிசம்பரில் ஒரு முற்பகல். மகள் ரூத்தைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கேக்குக்கு ஏலக்காய் வாங்கலாமென்று தெருமுனை பாய் கடைக்குப் போனேன். சிங்காநல்லூரில் எங்கள் தெருவுக்கு அவசரம் என்றால் அந்தக் கடைதான். வாசலில் எப்போதும் ஒரு வாழைத்தார் தொங்கும். சோப்பும் ஊதுவத்தியும் கருவாடும் கலந்த ஒரு வாசனை, படியேறும்போதே வரும்.

கல்லாவுக்கு முன்னால் ஈஸ்வரி அக்கா நின்றிருந்தார். எங்கள் அடுத்த வீடு. எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

"பாய், சர்க்கரை காக்கிலோ குடுங்க. கவர் வேண்டாமுங்க. இந்தப் போசிலயே கொட்டிருங்க."

நான் தூக்குவாளி என்று சொல்லி வளர்ந்ததை இங்கே தூக்குப்போசி என்பார்கள். துணிப்பையிலிருந்து அவர் எடுத்து நீட்டிய போசியின் மூடியில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'ரூத்' என்று இருந்தது. எங்கள் வீட்டுப் போசி. முந்தின நாள் மத்தியானம் சாம்பார் சாதம் வைத்து நான் கொடுத்தது.

பாய் நிறுத்துக் கொட்டினார். ஈஸ்வரி அக்கா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு, கல்லாமேல் எடுத்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டை மறுபடி அலமாரியில் வைத்தார்.

"இது நாளைக்கு வாங்கிக்கறேனுங்க."

"எடுத்துட்டுப் போங்கக்கா. காசு எங்க போகுது?"

"இல்லீங்க பாய். நாளைக்கே வாங்கிக்கறேன்."

அந்த பிஸ்கட் யாருக்கு என்று எனக்குத் தெரியும். அவருடைய கணவர் கந்தசாமி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து, டீயில் ஊறிய பிஸ்கட்தான் அவர் இருமாமல் விழுங்கக்கூடிய ஒரே பலகாரம். தினமும் பத்து மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் அதை மெதுவாக எடுத்துச் சாப்பிடுவார்.

நான் வாழைத்தாருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அக்கா என்னைத் தாண்டித்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஏலக்காய் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மணி, இந்தாங்க போசி. சர்க்கரை கொஞ்சம் போட்டிருக்கறேன். பாப்பாவுக்குப் பால்ல கலக்கிக் குடுங்க."

"எதுக்கு அக்கா இதெல்லாம்?"

"அட, வெறும் போசியத் தாட்டி விடறதுங்களா?"

தாட்டி விடுவது என்றால் அனுப்பி வைப்பது. வெறும் பாத்திரத்தை எந்த வீடும் திருப்பி அனுப்பாது. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். நானே எத்தனையோ பாத்திரங்களில் ஏதாவது போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

அந்தச் சர்க்கரையை ரூத்தின் பாலில் போட மனம் வரவில்லை. எங்கள் டப்பாவில் கொட்டவும் தயக்கம். தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தேன். எறும்பு வந்துவிட்டது.

டிசம்பர்ச் சோறு

எங்கள் வீட்டுச் சாப்பாடு அடுத்த வீட்டுக்கு ஏன் போனது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்கள் சபைக் கோயில் மணி கேட்கும் தூரம்வரை எல்லாம் கிறிஸ்தவ வீடுகள். கிறிஸ்துமஸ் அன்று எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் முந்திரிக்கொத்து போகும். ஒருமுறை எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்களிடமே வந்து சேர்ந்தது. அம்மா எள் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார், அதனால் கண்டுபிடித்தோம்.

கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்தபோது, தெருவில் எங்கள் வீட்டு நட்சத்திரம் ஒன்றுதான். எனக்கு முதல் வருடம் அழுகையாக வந்தது. ஆனால் என் கணவர் சாமின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டிசம்பர் மாதம் முழுவதும் மத்தியானச் சாப்பாடு இரண்டு வீட்டுக்குச் சமைப்பார்கள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று, அந்த வருடம் ஏதாவது கஷ்டம் வந்த ஒரு வீட்டுக்கு. கிறிஸ்துமஸ் அன்றும் அந்த வீட்டுப் போசி போன பிறகுதான் நாங்கள் இலை போட்டு உட்கார வேண்டும். இதற்கு 'டிசம்பர்ச் சோறு' என்று பெயர்.

ஆரம்பித்தவர் என் மாமியார். மில் மூடி, மாமனார் வேலையில்லாமல் இருந்த ஒரு டிசம்பரில், எதிர்வீட்டு அம்மா ஒருவர் மாதம் முழுவதும் இவர்களுக்குச் சோறு கொடுத்தாராம். அடுத்த வருடம் மாமனாருக்கு ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்த டிசம்பரே அத்தை இன்னொரு வீட்டுக்குச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அத்தை மதுக்கரையில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். போகும்போது பெரிய கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "எந்த ஊடுன்னு நீயே பாத்துக்க. என்னையக் கேக்காத" என்றார்.

காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

போன வருடம் மட்டும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கந்தசாமி அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். ஆடி மாதம் ஒருநாள் வேலையில் இருக்கும்போதே கை விழுந்துவிட்டது. வலது கையும் பேச்சும் போயின. பட்டறை நின்றது. ஈஸ்வரி அக்கா ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வசதி இல்லை.

அண்ணன்தான் வருடா வருடம் எங்கள் வீட்டு நட்சத்திரத்தைக் கட்டித் தருவார். சாமுக்கு உயரம் என்றால் பயம். சரவணம்பட்டியில் அவர் ஆபீஸ் ஏழாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலோர இருக்கை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். அண்ணன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். "ஏனுங் தம்பி, உங்க சாமி உங்கள மேல ஏற உடமாட்டேங்குதே, நாங்கதான் ஏறோணுமாட்ட" என்பார். போன வருடம் சாம்தான் நடுங்கிக்கொண்டே ஏறினார். அண்ணன் ஜன்னலிலிருந்து இடது கையை அசைத்து அசைத்து, இந்தப் பக்கம், இன்னும் இந்தப் பக்கம் என்று காட்டினார். நட்சத்திரம் கோணலாகத்தான் நின்றது. அண்ணன் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு.

முட்டை போடாத கேக்

அவர்கள் தை மாதம் பழனிக்கு நடந்து போகிறவர்கள். மார்கழி பிறந்தால் சுத்த சைவம். அண்ணனால் நடக்க முடியாத வருடத்திலும் அதை விடவில்லை.

கறி வைத்த பாத்திரத்தில் அவர்களுக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் புதுப் போசி வாங்கினேன். பாத்திரக் கடையில் "பேரு என்னங்க வெட்டறது?" என்று கேட்டார்கள். மாமனார் பெயரா, சாம் பெயரா, என் பெயரா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றதில், வெட்டுகிறவர் மெஷினை அணைத்துவிட்டார். சாம்தான் "ரூத்னு போடுங்க. சின்னப் பேரு, சீக்கிரம் முடியும்" என்றார்.

முட்டை போடாத கேக்கும் செய்து பழகினேன். முதல் கேக்கை வெட்ட முடியவில்லை. அடுத்ததை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, அதுவாகவே உதிர்ந்தது. பிறகு ஒருவழியாக வந்தது. எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போசி தினமும் நிறைந்துதான் திரும்பி வந்தது. ஒருநாள் வெல்லம், ஒருநாள் பொட்டுக்கடலை, ஒருநாள் நாலு வாழைப்பழம். நான் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தேன். அதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பாய் கடையில்தான் தெரிந்தது.

இதை எழுதும்போது இன்னொரு கவலை. இந்த இதழைப் படித்து முடித்ததும் வாரா வாரம் ஈஸ்வரி அக்காவுக்குக் கொடுப்பது வழக்கம். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என்றாலும் இந்த வாரம் கொடுப்பதா, வேண்டாமா?

டப்பா

சர்க்கரை வந்த அன்று சாயங்காலம் சாமிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு ஒரு வேளைச் சோறு குடுக்கிறோம்னு நினைச்சோம். அதுக்கு அவங்க அண்ணனோட பிஸ்கட்டைக் குடுக்கிறாங்க."

"இனிமே ஒண்ணும் போடாதீங்கன்னு சொல்லிடேன்."

"எப்படிச் சொல்றது? 'உங்களுக்கு முடியாதுன்னு எனக்குத் தெரியும்'னா?"

கொஞ்ச நேரம் கழித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரமே இல்லையென்றால்? ஓட்டல் பார்சலில் வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி அடுக்கி வைத்திருந்தேன். அதில் கொடுத்தால் அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிடலாம். எனக்கு அது மிகவும் நாகரிகமான யோசனையாகத் தோன்றியது.

மறுநாள் டப்பாக்களில் சாதம், ரசம், பீன்ஸ் பொரியல் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாங்கிக்கொண்டு என் கையைப் பார்த்தார்.

"போசி எங்கீங்க அம்மணி?"

"தேய்க்கப் போட்டிருக்கேன் அக்கா."

அதற்கடுத்த நாளும் டப்பா. அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கும் அடுத்த நாள் சிரித்துக்கொண்டே, "கோயில்ல அன்னதானப் பொட்டலம் வாங்கறாப்ல இருக்குதுங்க" என்றார். நானும் சிரித்தேன். கேட்டை மூடும்போதுதான், அது சிரிக்கிற பேச்சா என்று சந்தேகம் வந்தது.

மறுநாள் அவர்கள் கேட் உள்பக்கம் கொண்டி போட்டிருந்தது. பகலில் அந்த கேட்டை யாரும் பூட்டிப் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டதும், உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னைக்குச் சோறு ஆக்கிப்போட்டேனுங்க அம்மணி. வேண்டாமுங்க."

அடுத்த நாளும் அதே பதில். அதன் பிறகு நான் போகவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சுவரோரம் நின்று "அத்தே" என்று கத்தும் ரூத், அவர்கள் வீட்டிலிருந்து பதில் வராமல் திரும்பி வந்தாள். "ஈஸ்வரி அத்தைக்கு நம்ம மேல கோபமா?" என்று கேட்டாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மதுக்கரைக்கு ஒரு போன்

என்னையக் கேக்காத என்று சொன்னவரையே கேட்டேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை, "டப்பாவுலயா குடுத்த?" என்று மட்டும் சொன்னார்.

"அவங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு..."

"ம்."

"அத்தை, அப்போ உங்களுக்கு எதிர்வீட்டு அம்மா சோறு குடுத்தப்ப, நீங்க என்ன போட்டுக் குடுத்தீங்க?"

போன் துண்டிக்கப்பட்டதோ என்று பார்த்தேன்.

"முருங்கக்கீரை. பொடக்காளில, ஊட்டுக்குப் பொறகால, மரம் நின்னுச்சு. தெனமும் உருவி உருவி மரமே மொட்டையாப் போச்சு."

"கீரையும் இல்லாத அன்னைக்கு?"

"போசியக் குடுக்கவே மாட்டேன். தேச்சுக் கவுத்து வெச்சுக்குவேன். அந்தம்மா வந்து கேட்டா, 'பொழுதோட கொண்டாரேனுங்க'ம்பேன். உங்க மாமனாரு ஒருநாள் திட்டிப்போட்டாரு, அடுத்தவிங்க போசிய அமுக்கி வெச்சிருக்கறயேன்னு." அத்தை சிரித்தார். "நான் எங்க போயிச் சொல்லுவேன்?"

"அப்போ அந்த அம்மா குடுக்காம இருந்திருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்குமா?"

"பைத்தியக்காரி. புள்ளைங்க பசியா கெடந்துச்சுக. குக்கர் சத்தம் போடுது, வெக்கறேன்."

வைத்துவிட்டார்.

போசி மேஜைமேல் இருந்தது

கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனை முடிந்து வந்தோம். ரூத் புதுக் கவுனில் தூங்கித் தூங்கி விழுந்தாள். சமையலறையில் இரண்டு அடுப்பிலும் பிரியாணி. ஒன்றில் மட்டன், இன்னொன்றில் காய்கறி. காய்கறி பிரியாணியை நான் ஏன் செய்தேன் என்று சாம் கேட்கவில்லை. போசியில் நிரப்பி மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் முட்டை போடாத கேக்.

மணி ஆகிக்கொண்டிருந்தது. யாரும் இலை போடவில்லை.

"அம்மா, முதல்ல போசி போனப்புறம்தானே சாப்பிடணும்?"

"ஆமாம்."

"போகலைன்னா நாம சாப்பிடவே கூடாதா?"

சாம் போசியைத் தூக்கி, "நான் கொண்டு போறேன்" என்றார். நான் அவர் கையிலிருந்து அதை வாங்கி, கேக்கையும் எடுத்துக்கொண்டேன்.

கேட் கொண்டி போட்டிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்போது ஜன்னலில் 'டங் டங்' என்று சத்தம். கந்தசாமி அண்ணன் டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் தட்டினார். ஈஸ்வரி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா, போசிலதான் கொண்டுவந்திருக்கேன்."

அக்கா கொண்டியை எடுத்தார். போசியை வாங்கவில்லை.

"அன்னைக்குக் கடைல உங்களப் பாத்தேன் அம்மணி."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பழத்தாருக்குப் பொறகால உங்க துப்பட்டா தொங்குச்சு. கண்டும் காணாத மாதிரி நின்னீங்க. சரி, நம்ம மானத்தக் காப்பாத்துது இந்தப் புள்ளைன்னு நெனச்சுட்டே போனேன். அடுத்த நாளே டப்பா வருது."

"பிஸ்கட்டைத் திருப்பி வச்சீங்களே அக்கா. அதைப் பாத்துட்டு எனக்கு..."

"வெச்சேன். அன்னைக்கு அவரு வெறும் டீதான் குடிச்சாரு." ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தெனமும் நீங்க சோறு குடுத்துட்டுப் போனதும் அவரு என்ன கேப்பாருன்னு தெரியுங்களா? 'போசி. போட்டியா.' அவரு வாயில முழுசா வர்றது அந்த ரெண்டு வார்த்தைதானுங்க. போட்டுட்டேன்னு சொன்னாத்தான் சோத்துல கை வெப்பாரு. டப்பா வந்த நாள்ல இருந்து கேக்கறதில்ல. என்னன்னு கேப்பாரு?"

நான் போசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எதற்கு என்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"அட, பண்டிகை நாளும் அதுமா அழுகாதீங்க கண்ணு. குடுங்க இப்பிடி" என்று போசியையும் கேக்கையும் வாங்கினார். "முட்டை போட்டதுங்களா?"

"பிரியாணிலயா?"

"கேக்குலீங்க."

"இல்லக்கா. போடலை."

"நில்லுங்க, வாரேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பின்கதவு திறந்து மூடியது. ஈரப் போசியுடன் திரும்பி வந்தார். உள்ளே ஏழெட்டு எலுமிச்சம்பழங்கள், காம்போடு.

"பட்டறைக்குப் பின்னால மரத்துல பறிச்சது. காசு குடுத்து வாங்குல, பயப்படாதீங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாக, "போட்டுட்டேனுங்க" என்றார்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்து இலை போட்டோம். சாம் மட்டன் பிரியாணிமேல் எலுமிச்சை பிழிந்தார். ரூத், ஈஸ்வரி அத்தை நாளைக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

அதன் பிறகும்

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் மறுநாள் போசியில் எலுமிச்சை வந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி சர்க்கரை. அன்று காலை பத்து மணிக்கு நான் துணி உலர்த்துவதுபோல மொட்டைமாடியில் நின்று, அண்ணன் கையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது. தெரியவில்லை.

ஒருநாள் துணிந்து, போசியோடு பைக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்துக் கொடுத்தேன். அன்று போசியில் பொட்டுக்கடலையும், பைக்குள் ஒரு சீப்புப் பழமும் வந்தன. மறுநாள் கொஞ்சம் அரிசி வைக்கலாமா என்று யோசித்தபோது சாம், "வேண்டாம்மா. அவங்க மாடு ஒண்ணைக் கட்டிவிட்டுட்டா நாம எங்க வைக்கிறது?" என்றார். சிரித்தேன். இருந்தாலும் அன்று முழுவதும் அதே நினைப்பு. ஒரு மனிதருக்குக் காலையில் கிடைக்கும் பிஸ்கட் பெரிதா, மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது அவருக்கு இருக்கும் நிமிர்வு பெரிதா? இரண்டையும் நான் ஏன் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக நிறுத்தினேன்? விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால், இரண்டும் கிடைக்கிற மாதிரி செய்திருப்பார்களோ?

இந்த வருடம்

மறுபடி டிசம்பர் வந்திருக்கிறது. அண்ணன் இப்போது கோல் ஊன்றி கேட்வரை நடக்கிறார். பேச்சில் இன்னும் சில வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன. பட்டறை இன்னும் மூடித்தான் இருக்கிறது. அக்கா தைக்கிற ஜாக்கெட்டுகளில்தான் வீடு ஓடுகிறது.

போன வாரம் நான் கோலப்பொடி டப்பாவை உள்ளே வைக்கும்போது அக்கா சுவரோரம் வந்து நின்றார். நாங்களும் கோலம் போடுவோம். டிசம்பரில் நடுவில் ஒரு நட்சத்திரம் வரும், அவ்வளவுதான்.

"ஏனுங்க அம்மணி, இந்த வருசம் டிசம்பர்ச் சோறு எந்த ஊட்டுக்குங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை அக்கா. உங்க..."

"எங்களுக்கு வேண்டாமுங்க. போன வருசம் சாப்பிட்டாச்சு. இருக்கறவிங்களப் பாருங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோவமில்லீங்க. இன்னொண்ணு சொல்ல வந்தேன். உங்க பண்டிகையன்னைக்கு மத்தியானம் நீங்க அடுப்பு பத்த வெக்க வேண்டாம். எங்க ஊட்டுக்கு ஒறம்பரையா வாங்க. தம்பி, பாப்பா, மதுக்கரையில இருந்து உங்க மாமியாரம்மா வந்தா அவிங்களும்."

ஒறம்பரை என்றால் விருந்தாளி. சொந்தக்காரர்களைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

"அவரு சொல்லச் சொன்னாருங்க. கார்த்திகைல இருந்தே சொல்லிட்டிருக்கறாரு. மார்கழி சைவந்தான், கறியெல்லாம் கெடைக்காது. பருப்பு, கத்திரிக்காப் பொரியல், வடை, பாயசம். போதுமல்லோ?"

"எதுக்கு அக்கா உங்களுக்குச் சிரமம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்காவின் முகம் மாறியது. போன வருடம் டப்பாவை வாங்கும்போது பார்த்த அதே முகம்.

"வர்றோம் அக்கா. எல்லாரும் வர்றோம்" என்று அவசரமாகச் சொன்னேன்.

திண்டாட்டம் அதிலிருந்து ஆரம்பித்தது. சாமிடம் சொன்னதும், "வெறுங்கையோட போவோம். போய் நல்லா சாப்பிடுவோம். அதுதான் அவங்களுக்கு வேணும்" என்றார். அத்தையிடம் போனில் சொன்னதும், "ஒறம்பரைக்குப் போறவ வெறுங்கைய வீசிட்டுப் போவாளா? அது இன்னும் கேவலம்" என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது.

பழம் கொண்டுபோனால் அதற்குப் பதிலாக அவர் எதைத் தேடுவார்? அரிசி, பருப்பு என்று கொண்டுபோனால் அது டப்பாவைவிட மோசம். ஒன்றும் கொண்டுபோகாமல் போனால், அத்தனை பேருக்கு வடையும் பாயசமும் செய்ய அந்த வீட்டில் அந்த வாரம் எது நிற்கும்? மறு சோறு வேண்டும் என்று கேட்டுச் சாப்பிடுவதா, போதும் என்று எழுந்துவிடுவதா? போன வருடம் போசி போன பிறகுதான் சாப்பிட்டோம். இந்த வருடம் வேறொரு வீட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டு நேராக அவர்கள் வீட்டில் போய் உட்காருவதா? ரூத் இப்போதே கேட்டுவிட்டாள், "நாம விருந்தாளியா அம்மா, சோறு குடுக்கிறவங்களா?" என்று.

பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் எனக்கு எழுத வேண்டும். எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும், எப்படிச் சாப்பிடட்டும், கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டு வரட்டும் என்று சொல்லுங்கள். கொடுத்துப் பழகியவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஓரளவுக்கு எனக்குத் தெரியும். கஷ்டத்தில் இருந்த காலத்தில் அடுத்த வீட்டுச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒருநாள் அந்த வீட்டாரையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறியவர்கள் யாராவது இருப்பீர்கள். நீங்கள் எழுதுங்கள். அன்று உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எதைச் செய்திருந்தால் உங்களுக்கு நிறைந்திருக்கும்?